திருவனந்தபுரம் வழியாக உலகம்: குமரி எல்லைப் பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் மேசைக்கு முன்னால் அமர்கிறவர்கள் ஆண்டுதோறும் மாறினாலும், அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். முதலில் உள்ள பதில்களைப் படித்துவிட்டுப் பின்னால் வருபவற்றைப் படித்தால் எளிதாக விளங்கும். விசா, சுங்கம், பெட்டி தொடர்பான விதிகள் அவ்வப்போது மாறுபவை என்பதால், பயணத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஹப், ஹப் என்கிறார்களே, பெரிய விமான நிலையத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

பெரியதாக இருப்பது மட்டும் போதாது. ஒரு விமான நிலையத்தில் வந்து இறங்குபவர்களில் கணிசமானோர் அந்த ஊருக்குள் போகாமல், அங்கேயே வேறொரு விமானம் ஏறி மூன்றாவது ஊருக்குப் போகிறார்கள் என்றும், அப்படி மாறி ஏறுவதற்கு வசதியாகவே ஒரு விமான நிறுவனம் தன் நேர அட்டவணையை அமைத்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள்; அதுதான் மைய விமான நிலையம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கும் எத்தனையோ பேருக்கு நாகர்கோவிலில் எந்த வேலையும் இருப்பதில்லை. திருச்செந்தூருக்கோ மதுரைக்கோ வண்டி மாறுவதற்காகவே அங்கே இறங்குகிறார்கள். துபாயிலும் தோஹாவிலும் நடப்பது அதுவே.

இதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 20 ஊர்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 190 தடங்கள் வேண்டும். நடுவே ஒரு மையத்தை வைத்து எல்லா ஊர்களையும் அதனோடு மட்டும் இணைத்தால் 20 தடங்கள் போதும். இருபத்தொன்றாவதாக ஓர் ஊர் சேரும்போது, அந்த ஊருக்கு ஒரே ஒரு தடம் போட்டாலே மற்ற இருபது ஊர்களுக்கும் வழி கிடைத்துவிடுகிறது. சிறிய ஊர்களுக்கு இந்த ஏற்பாட்டால் கிடைக்கும் பெரும் பயன் இதுவே.

அப்படியானால் திருவனந்தபுரம் ஹப் இல்லையா?

இல்லை. மாறி ஏறுவதற்காகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குபவர்கள் மிகக் குறைவு. அங்கே புறப்படுபவர்கள் ஏறத்தாழ எல்லோரும் தென்கேரளத்தையும் நம் மாவட்டத்தையும் சேர்ந்தவர்கள். துபாய், அபுதாபி, சார்ஜா, தோஹா, மஸ்கட், கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற மையங்களுக்குப் போய்ச்சேரும் ஒரு கிளையின் நுனிதான் திருவனந்தபுரம். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஒரே ஒரு பெரிய மையத்தோடு மட்டும் இணைந்த ஊரைவிட, பல மையங்களோடு இணைந்த ஊருக்குத்தான் போட்டியால் கட்டணமும் குறையும், ஒரு வழி அடைபட்டால் மறுவழியும் இருக்கும்.

கேரளத்தின் பெரிய விமான நிலையம் நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம். ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகளைத் தாண்டிவிட்ட அந்த நிலையம்கூட உலகளாவிய பொருளில் மையம் அன்று. அதுவும் வளைகுடா மையங்களுக்கு ஆளனுப்பும் பெரிய கிளையே.

திருவனந்தபுரம் கேரளத்துக்காரர்களின் விமான நிலையம். நமக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது?

இந்தியக் குடிமகனுக்கு எந்த மாநிலத்து விமான நிலையமும் ஒன்றுதான்; சீட்டும் கடவுச்சீட்டும் இருந்தால் போதும். ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு வரலாறும் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1932-இல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் பறத்தல் கழகத்துக்காக அந்த இடம் உருவானபோதும், 1935-இல் பம்பாயிலிருந்து டாடா நிறுவனத்தின் சிறிய விமானம் அங்கே வந்து இறங்கியபோதும், கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீசுவரமும் திருவிதாங்கூரின் பகுதிகளாகவே இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இந்த வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. மாநில எல்லை மாறியதால் தூரம் மாறிவிடவில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மதுரையோ ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 1991-இல் திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையமாக உயர்த்தப்பட்டது. 2021 அக்டோபரிலிருந்து அதானி குழுமம் அதை நடத்திவருகிறது.

எல்லை குறுக்கே வருவது வேறு இடங்களில். வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசுத் துறையான நோர்க்கா வழங்கும் நலத்திட்டங்கள் கேரளத்தவருக்கு உரியவை. அதே விமானத்தில் போய்வந்தாலும் நமக்கு அவை பொருந்தாது. நாம் அணுக வேண்டியது சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தை. இதை அறியாமல் தவறான அலுவலகத்தின் முன் நாள்களைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு மான்செஸ்டரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிருந்து இத்தனை பேர் இங்கிலாந்துக்குப் போகிறார்கள், நேரடி விமானம் விட்டால் என்ன?

நீண்ட தூர விமானம் ஒன்றில் ஏறத்தாழ 250 முதல் 350 இருக்கைகள் இருக்கும். மான்செஸ்டருக்கு மட்டுமே போகிறவர்களைக் கொண்டு அந்த இருக்கைகளை வாரத்தில் பல நாள், ஆண்டு முழுவதும், இரு திசையிலும் நிரப்ப வேண்டும். செப்டம்பரில் மாணவர்களும் டிசம்பரில் விடுமுறைக்கு வருபவர்களும் நிரப்பலாம். பிப்ரவரியில் யார் நிரப்புவார்கள்? துபாய்க்குப் போகும் விமானத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அந்த ஒரே விமானத்தில் துபாயில் தங்குபவர், மான்செஸ்டர் செல்பவர், டொராண்டோ செல்பவர், டப்ளின் செல்பவர் என எல்லோரும் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வோர் ஊருக்கும் பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்தாலே விமானம் நிறைந்துவிடுகிறது.

கொச்சியின் அனுபவம் இதற்குச் சான்று. ஏர் இந்தியா கொச்சியிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் நடத்திவந்தது. மத்திய கேரளம் முழுவதையும் பின்னணியாகக் கொண்ட அந்தச் சேவையே 2025 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டது. அதைவிடக் குறைந்த பயணிகளைக் கொண்ட திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுவது சரியாக இருக்காது.

எதற்காக எல்லா விமானத்தையும் விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்கு வைத்து ஆளைக் கொல்கிறார்கள்?

நம் தூக்கத்தைப் பற்றி அட்டவணை போடுபவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அந்த நேரத்தைத் தீர்மானிப்பது திருவனந்தபுரம் அன்று. மறுமுனையில் உள்ள மையம். மைய விமான நிலையத்தில் விமானங்கள் நாள் முழுவதும் சீராக வந்துபோவதில்லை. அலை அலையாக வருகின்றன. இந்தியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் பல விமானங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து இறங்கும். பயணிகளும் பெட்டிகளும் மாறுவதற்குச் சற்று இடைவெளி விடப்படும். பிறகு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் விமானங்கள் கூட்டமாகக் கிளம்பும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து காலை 4.30-க்குப் புறப்படும் விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பறக்கும். நம் கடிகாரத்தில் அப்போது 8.30, துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே காலை 7.00 தான். எட்டரை, ஒன்பது மணிக்கு ஐரோப்பிய விமானங்கள் கிளம்பும்போது நம் பயணி வாயிலில் நிற்க முடிகிறது. இதையே வசதியாகக் காலை 10 மணிக்கு வைத்தால், அந்த அலை போன பிறகு துபாயில் இறங்கி அடுத்த அலைக்காகப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இரவில் விமானம் இறங்கக் கட்டுப்பாடு இருப்பதும் இதற்கு ஒரு காரணம். பிராங்க்பர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை திட்டமிட்ட விமானங்களுக்கு அனுமதி இல்லை. துபாயிலும் தோஹாவிலும் அத்தகைய தடை இல்லை. 24 மணி நேரமும் இயங்குகின்றன. இரவுத் தடை உள்ள இடத்துக்குப் பகலில் போய்ச் சேர, தடை இல்லாத இடத்தில் இரவில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. நம் விடியற்காலைப் புறப்பாடு அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி.

துபாய்க்குப் போகிற சீட்டைவிட, துபாய் வழியாக லண்டன் போகிற சீட்டில் சில நேரம் பெரிய வித்தியாசமே இல்லையே, அது எப்படி?

கட்டணம் கிலோமீட்டரைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. போட்டியையும் தேவையையும் பார்த்து வைக்கப்படுகிறது. லண்டனுக்குப் போகும் உங்களைத் தன் பக்கம் இழுக்க துபாய், தோஹா, அபுதாபி, மஸ்கட், பஹ்ரைன், மும்பை, டெல்லி வழியாகச் செல்லும் நிறுவனங்கள் அனைத்தும் போட்டி போடுகின்றன. துபாய்க்கே போகிறவருக்கோ நேரடி விமானம் நடத்தும் சிலரை விட்டால் வேறு வழியில்லை. அதிலும் வளைகுடாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், ஓணம், கிறிஸ்துமஸ் சமயங்களிலும் ஒரே நேரத்தில் எல்லோரும் ஊர் திரும்புவதால் அந்தக் குறுகிய தடத்தின் கட்டணம் தாறுமாறாக ஏறுகிறது. கூலி வேலைக்குப் போனவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை வீடு திரும்பும் சீட்டுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுப்பது நியாயமன்று என்பதே என் கருத்து.

கூட்டம் இவ்வளவு இருந்தும் எமிரேட்ஸ் போன்றவர்கள் ஏன் கூடுதல் விமானம் விடவில்லை?

அவர்கள் நினைத்த உடன் விட முடியாது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டின் வான்வெளிக்கும் அந்த நாடே உரிமையாளர். இரு நாடுகளுக்கிடையே வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்களுக்கு என்பதை அரசுகள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையிலான இருக்கை எண்ணிக்கை பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. இருக்கும் இருக்கைகளை எந்த ஊர்களுக்குப் பங்கிடுவது என்பதில்தான் நிறுவனங்களுக்குத் தெரிவு இருக்கிறது. அந்தப் பங்கீட்டில் மும்பையோடும் டெல்லியோடும் திருவனந்தபுரம் போட்டியிட வேண்டும்.

இந்திய அரசின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. 1985-இல் தொடங்கப்பட்ட எமிரேட்ஸ் தன் முதல் விமானங்களைக் கராச்சிக்கும் பம்பாய்க்கும் விட்டது. அன்று முதலே அதன் வளர்ச்சியில் நம் துணைக்கண்டத்துப் பயணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2024-இல் துபாய் விமான நிலையத்தைப் பயன்படுத்திய 9 கோடியே 23 லட்சம் பேரில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இந்தியத் தடங்களில் பயணம் செய்தவர்கள். இந்தப் பயணிகளை டெல்லி, மும்பை வழியாக நம் நிறுவனங்களே கொண்டுபோக வேண்டும் என்பது அரசின் நோக்கம். நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் தென்கோடியில் இருக்கும் நமக்கு, மேற்கே போக முதலில் மூன்று மணி நேரம் வடக்கே பறக்க வேண்டும் என்பது இயல்பான வழி அன்று. டெல்லி மையமாக வளரும்வரை தென்மாவட்டங்களின் இருக்கைகளை இறுக்கிப் பிடித்திருப்பதன் சுமையைத் தாங்குபவர்கள் தொழிலாளர்கள்தாம்.

சார்ஜாவுக்கு ஒரு சீட்டு, துபாயிலிருந்து லண்டனுக்கு ஒரு சீட்டு எனத் தனித்தனியாக எடுத்தால் எட்டாயிரம் ரூபாய் குறைகிறது. எடுக்கலாமா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஒரே பி.என்.ஆர். எண்ணில் உள்ள சீட்டும், இரண்டு தனிச் சீட்டுகளும் பார்ப்பதற்கு ஒரே பயணமாகத் தெரிந்தாலும் சட்டப்படி முற்றிலும் வேறானவை. ஒரே சீட்டில், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. பெட்டியையும் பொதுவாகத் திருவனந்தபுரத்திலேயே இறுதி ஊருக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்கள். தனிச் சீட்டுகளில் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பணம் போகும், புதுச் சீட்டு எடுக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டில் இன்னொரு பெரிய சிக்கலும் இருக்கிறது. சார்ஜாவும் துபாயும் வெவ்வேறு விமான நிலையங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சாலை வழியாகப் போக வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசா வேண்டும். விசா இல்லாதவரைப் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று தொடங்கி முழுச் சீட்டையும் இழந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அந்த நாட்டு விசா வேண்டுமா?

ஒரே சீட்டில், விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் மாறுவதாக இருந்தால், வளைகுடா மையங்களில் பொதுவாக வேண்டியதில்லை. ஆனால் இது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் மாறி ஏறுவதற்காக இறங்கினாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால், கனடாவுக்கோ தென்அமெரிக்காவுக்கோ போகிறவராயினும் அமெரிக்க விசா இல்லாமல் அந்த வழியில் போக முடியாது.

இடையில் எவ்வளவு நேரம் இருந்தால் பயப்படாமல் போகலாம்?

ஒவ்வொரு மையமும் விமானம் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை வகுத்திருக்கிறது. அதற்குக் குறைவாக இருந்தால் ஒரே சீட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குறைந்தபட்சம், வழி தெரிந்து வேகமாக நடப்பவருக்கானது. முதல்முறை போகும் அம்மாவை அனுப்புவதாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள். துபாயில் முதல் முனையமும் மூன்றாம் முனையமும் ஒரு பக்கம், இரண்டாம் முனையம் ஓடுபாதைகளுக்கு மறுபக்கம். அங்கே மாறுவதென்றால் பேருந்தில் சுற்றிக் கொண்டுபோவார்கள். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிட்டால், மொழி தெரியாத முதியவரைக் கதவிலிருந்து கதவுவரை ஒருவர் அழைத்துச் செல்வார். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

திருவனந்தபுரத்திலேயே இந்த முனையக் குழப்பம் உண்டு. உள்நாட்டு விமானங்கள் பலவும் புறப்படும் முதல் முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம். இரண்டாம் முனையம் சாக்கை பக்கம், புறவழிச்சாலையை ஒட்டி. நடுவே ஓடுபாதை இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது. காரோட்டிலிருந்து புறவழிச்சாலையைப் பிடித்து வரும் நம் ஊர் வண்டிகள் இரண்டாம் முனையத்துக்கு நேராகப் போய்விடும். மும்பைக்கோ சென்னைக்கோ போகிறவர் சீட்டில் முனைய எண்ணைப் பார்க்காமல் அங்கே இறங்கினால், திரும்பவும் ஊரைச் சுற்ற வேண்டும்.

பெட்டி வராமல் போனால் யாரைப் பிடிப்பது?

கடைசியாக உங்களை ஏற்றிவந்த நிறுவனத்தை. சுழலும் பட்டை நின்றபின் வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளேயே அந்த நிறுவனத்தின் மேசைக்குச் சென்று, பெட்டி வரவில்லை என்ற முறைப்படியான அறிக்கையைப் பதிவுசெய்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் பின்புறம் ஒட்டித் தரும் சிறிய ஒட்டுச்சீட்டில் உள்ள எண்தான் உங்கள் பெட்டியின் அடையாளம். வீடு வந்து சேரும்வரை அதைக் கிழிக்க வேண்டாம்.

மான்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009-இல் ஏற்றது. அதன்படி பெட்டி சேதமடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். ஆகும், அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அன்றன்றைய மதிப்பில் ரூபாயாக மாற்றித் தரப்படும். நகையையும் சான்றிதழையும் கைப்பையில் வைப்பதே நல்லது.

டெல்லி வழியாகத் திரும்புவதற்கும் தோஹா வழியாகத் திரும்புவதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தியாவுக்குள் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில்தான் குடியேற்றச் சோதனையும் சுங்கமும். தோஹா வழியாக வந்தால் அந்த இடம் திருவனந்தபுரம். டெல்லி வழியாக வந்தால் டெல்லி. அங்கே பொதுவாகப் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மீண்டும் உள்நாட்டு விமானத்துக்கு ஒப்படைக்க வேண்டும். கைக்குழந்தையோடு தனியாக வருபவருக்கு இது பெரிய வித்தியாசம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கூடுதலானாலும் அத்தகையவர்களுக்கு வளைகுடா வழியையே நான் சொல்வேன்.

ஆராட்டு நாளில் விமானமே ஓடாது என்கிறார்களே, உண்மையா?

சில மணி நேரத்துக்கு ஓடாது என்பது உண்மை. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசித் திருவிழாவிலும் பங்குனித் திருவிழாவிலும், சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு ஊர்வலம் கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதையைக் கடந்தே போகிறது. விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அதுதான் ஊர்வலத்தின் வழி. ஆண்டுக்கு இருமுறை, மாலையிலிருந்து இரவு வரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடப்படும். விமானிகளுக்கும் நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே முறைப்படி அறிவிப்பு போய்விடும், அவர்களும் நேரத்தை மாற்றியமைத்துவிடுவார்கள். அந்த நாளில் பயணம் இருந்தால் மாற்றிய நேரத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தோவாளைப் பூ விமானத்தில் போகிறது என்கிறார்கள். அதற்குத் தனி விமானமா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் அமர்ந்து போகும் அதே விமானத்தின் கீழ்த்தளத்தில், பெட்டிகளோடு சேர்ந்து போகிறது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி காய்கறி, பழம் போன்ற சீக்கிரம் கெடும் பொருள்கள். விடியற்காலைச் சந்தையில் ஏலம் போன பிச்சியும் மல்லிகையும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைக்கப்பட்டு எல்லை கடக்கின்றன. மொட்டாக ஏற்றிய பூ, மலர்வதற்குள் அங்கே உள்ள கடையில் மாலையாக வேண்டும். கப்பலில் அனுப்ப முடியாத சரக்கு இது. பக்கத்தில் விழிஞ்ஞத்தில் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகம் பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குக் கொள்கலன் மாற்றும் மையம். நாள்கணக்கில் காத்திருக்கக்கூடிய சரக்குக்கு அது பயன்படும்.

விமானத்தின் அளவு இங்கே முக்கியமாகிறது. போயிங் 777 போன்ற அகன்ற விமானத்தின் கீழ்த்தளத்தில் பயணிகளின் பெட்டிகள் போக இருபது டன் அளவுக்குச் சரக்கு ஏற்ற முடியும். போயிங் 737 போன்ற ஒடுங்கிய விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ பெட்டியை ஏற்றியபின் மிஞ்சும் இடம் சொற்பம். ஆகவே ஒரு தடத்தில் அகன்ற விமானத்தை எடுத்துவிட்டு ஒடுங்கிய விமானத்தைப் போட்டால், பயணிகளுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பூவும் நேந்திரனும் அனுப்புகிறவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

ஹப்பே மூடிப்போனால் நம் கதி?

முதல் பதிலில் சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. இருபது ஊர்களை இருபது தடங்களில் இணைக்கும் மையம் நின்றால் இருபது ஊர்களும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும். 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் வரலாறு காணாத மழை பெய்தபோது எமிரேட்ஸ் மட்டுமே ஏறத்தாழ 400 விமானங்களை ரத்துசெய்தது. இயல்புநிலை திரும்பப் பல நாள் ஆனது. 2025 ஜூன் 23 இரவில், கத்தாரில் உள்ள அல் உதைத் என்ற அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது வளைகுடா நாடுகள் சில மணி நேரம் வான்வெளியை மூடின. நடுவானில் இருந்த விமானங்கள் திருப்பிவிடப்பட்டன.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் 15-ஆம் தேதி முதல் 29-ஆம் தேதி வரை மூடப்பட்டபோது, அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பலவற்றைத் திருவனந்தபுரம் ஏற்றுக்கொண்டது. இதுபோன்ற நாள்களில் ஒரே சீட்டில் போனவரை நிறுவனம் எப்படியாவது கொண்டுசேர்க்கும். தனிச் சீட்டுக்காரர் தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டும். வேலையில் சேரும் கடைசி நாளுக்கு முந்தின நாள் இறங்குமாறு சீட்டு எடுக்காதீர்கள். மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள்.

அங்கே இறந்துபோனவரின் உடலை எந்த வழியாகக் கொண்டுவருவது?

இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்கு நேரம் மிகக் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்டு இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்றிதழ், ரத்துசெய்யப்பட்ட கடவுச்சீட்டு ஆகியவை வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் வேலை கொடுத்தவரோ அங்குள்ள சமூக அமைப்புகளோ தயார்செய்வார்கள். இந்திய நலவாழ்வுத் துறையின் அனுமதியை இ-கேர் என்ற இணையவழி ஏற்பாட்டின் மூலம் முன்னதாகவே பெறலாம். 2023-இல் அது தொடங்கப்பட்டது. வசதியற்ற குடும்பமாயின் தூதரகத்தில் உள்ள இந்தியச் சமூக நல நிதியிலிருந்து செலவுக்கு உதவி கேட்கலாம்.

உடல் சரக்காகவே பதிவாகிறது. எனவே ஆம்புலன்ஸோடு போகிறவர்கள் பயணிகள் வெளிவரும் வாயிலில் நிற்காமல் சரக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். நேரடி விமானம் உள்ள ஊரிலிருந்து என்றால் நேராகத் திருவனந்தபுரத்துக்கே கேளுங்கள். மையம் மாறி வரும் வழியில் ஒவ்வோர் இடத்திலும் காகிதம் சரிபார்க்கப்படுவதால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகலாம். உதவிக்கு அணுக வேண்டிய தமிழ்நாட்டு அலுவலகத்தை மூன்றாவது பதிலில் குறிப்பிட்டிருக்கிறேன்.

நமக்கென்று கன்னியாகுமரியில் ஒரு விமான நிலையம் வந்துவிட்டால் இதெல்லாம் தீராதா?

சாமித்தோப்புப் பக்கத்தில் விமான நிலையம் என்ற பேச்சு நீண்ட காலமாக இருக்கிறது. வந்தால் சுற்றுலாவுக்கும் சென்னைப் பயணத்துக்கும் உதவும். ஆனால் மேலே பேசிய சிக்கல்களில் பெரும்பாலானவை ஓடுபாதை இல்லாததால் வந்தவை அல்ல. இருக்கை ஒப்பந்தம், அட்டவணை அலை, சரக்கு ஏற்றும் அகன்ற விமானம் ஆகிய மூன்றும் இல்லாத ஓடுபாதையால் வெளிநாடு போகிறவருக்குப் பயன் குறைவு. தூத்துக்குடி வாகைகுளத்தில் 2025 ஜூலையில் நீண்ட ஓடுபாதையோடு புதிய முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு வளைகுடா மையத்துக்குத் தினமும் ஒரு விமானம் கிடைத்தாலே திருச்செந்தூர் வட்டத்தவருக்கு வழி பெரிதும் குறையும்.

மேற்கு வட்டங்களில் இருப்பவர்களுக்கு, புதிதாக ஒன்று கட்டுவதற்காகக் காத்திருப்பதைவிட, திருவனந்தபுரத்தில் இருப்பதைப் பெருக்கக் கேட்பதே பயன்தரும். அந்த விமான நிலையப் பயணிகளின் தேவையைப் பேசும்போது கேரளத்தின் மாவட்டங்களோடு நம் மாவட்டத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றும், விமான நேரத்தை ஒட்டி நாகர்கோவிலிலிருந்து இரண்டாம் முனையத்துக்கு நேரடிப் பேருந்து விட வேண்டும் என்றும், துபாய், தோஹா இருக்கைகளை உயர்த்தும்போது திருவனந்தபுரத்துக்கு உரிய பங்கைத் தர வேண்டும் என்றும் நம் மக்களவை உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் எழுத்தில் கொடுக்கலாம். இவற்றில் பேருந்து கேட்பதற்கு எந்த நாட்டோடும் ஒப்பந்தம் தேவையில்லை. இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் உட்கார்ந்து பேசினால் போதும்.